உடுமலை வழியாக

“வண்டி உடுமலை வழியாப் போகலைன்னா, வேற ஆராச்சும் எடுத்துட்டுப் போகட்டுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, டிரைவர் நசுருதீன் பொள்ளாச்சி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நீராவி ரயிலில் ஒருநாள் சுற்றுலா. டீசல் வந்தபின் பழைய கரி எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்துபோனதால், அடுத்த வாரம் ஓய்வுபெறப் போகிறவரைத் தேடிப் பிடித்து ஏற்றியிருந்தார்கள்.

போத்தனூரில் கிளம்பி பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி என்பதுதான் முதல் ஏற்பாடு. உடுமலைப் பக்கம் தண்டவாள வேலை என்று முந்தாநாள், பொள்ளாச்சியில் பிரிந்து பாலக்காடு போகும்படி மாற்றினார்கள். இப்போது வேலை முடிந்துவிட்டதாம். எந்த வழியில் போனாலும் ரயில்வேக்குச் சம்மதம். பயணிகள்தான் பாலக்காடு என்று நம்பி ஏறியிருந்தார்கள்.

சுற்றுலாவை நடத்தும் அன்புமணி, பாய் பாய் என்று கெஞ்சிப் பார்த்தார். நசுருதீன் அசையவில்லை.

விஷயம் இதுதான். உடுமலைக்கு முன்னால், கோமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி அவர் வீடு. கரி வண்டி ஓட்டிய நாளெல்லாம் கேட்டை நெருங்கும்போது நீளமாக ஒரு விசில், குட்டையாக ஒரு விசில் கொடுப்பார். அதைக் கேட்டுத்தான் ஆமினா பீவி உலை வைப்பாள். அந்த விசிலைக் கடைசியாக ஒருமுறை அவள் காதில் போட வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே இல்லை.

வழி மாறியதை அவர் வீட்டில் சொல்லிப் புலம்பியபோது, பாலக்காட்டுக்குப் போகிற வழியில் என்னென்ன ஊர் வரும் என்று கேட்டாள் ஆமினா. இவர் இருந்த எரிச்சலில் பதில்கூடச் சொல்லவில்லை.

“அவ ஊட்லதானுங்க இருப்பா. சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடியாந்துருவா” என்றார் நசுருதீன்.

அன்புமணி இளகிவிட்டார். வண்டி உடுமலை வழியாகவே போகும் என்று பெட்டி பெட்டியாகப் போய்ச் சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. கடைசிப் பெட்டியில் கொஞ்சம் கூடுதலாகவே.

கோமங்கலம் கேட் வந்தது. நசுருதீன் விசில் கயிற்றை இழுத்த இழுப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. வாசலில் யாரும் இல்லை. மறுபடி இழுத்தார். கதவு சாத்தியே கிடந்தது.

ஆமினாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவருக்குப் பயம். அதே பயத்தோடு உடுமலை வரை வந்து வண்டியை நிறுத்தினார்.

கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி, எஞ்சினை நோக்கி விறுவிறுவென்று நடந்து வந்தாள். புதுத் துப்பட்டியெல்லாம் கரித்தூள்.

இடுப்பில் கை வைத்து, எஞ்சினையும் அவரையும் ஏற இறங்கப் பார்த்தாள் ஆமினா பீவி.

“ஏனுங்க, நம்மூட்டுக் கதவைப் பாக்கறதுக்கா நான் பாலக்காட்டுக்கு டிக்கெட்டு எடுத்தேன்?”