பெயர் நீக்கிய கட்டுரை

"இதில ஒரு வரியாவது உனக்குப் புரியுமா?" என்று பேராசிரியர் ஒருமுறை தட்டச்சுக் கடைப் பெண்ணைக் கேட்டிருந்தார். அதிலிருந்து அவரைக் கண்டாலே அவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும்.

அன்று குஷியாக வந்தார். "மாநாட்டுக்காரங்க ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொல்லி எனக்கு அனுப்பியிருக்காங்கம்மா. என் கட்டுரையும் அங்கதான் போயிருக்கு. அது தேறிட்டா துறைத்தலைவர் நாற்காலி எனக்குத்தான்!"

மாநாட்டு விதிப்படி, எழுதியவர் பெயரை நீக்கிய கட்டுரை அது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அவள் திடுக்கிட்டாள். "சார், இது..."

"நீ அடிம்மா. 'சுத்த அரைவேக்காடு. நிராகரிக்கவும்.' அப்படியே மாநாட்டுக்கு அனுப்பிடு."

"சார், ஒரு நிமிஷம்..."

"அனுப்புன்னா அனுப்பு!"

அனுப்பினாள்.

"இப்ப சொல்லு, என்ன?"

"போன மாசம் இதுக்குப் பக்கம் அமைச்சதே நான்தான் சார்."

"அடடே! எந்த மண்டு எழுதினது?"

பெயர்களோடு இருந்த பழைய பிரதியைத் திறந்து காட்டினாள். முதலில் அவர் பெயர். கீழே அவருடைய ஆராய்ச்சி மாணவியின் பெயர்.

"அந்த அக்கா எழுதிக் கொடுத்ததும், உங்க பேரைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கலாம் சார்."

பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.