சந்தியில் ஒரு பேனர்

நான் உள்ளே போனதும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது.

சேலை, மூக்குக்கண்ணாடி, முன்நெற்றியில் நரை. விரிவுரையாளர் வேறு எப்படி இருப்பார்?

“இருங்க, இருங்க. நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்” என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

குண்டசாலையில் எனக்கு ஒரு பாலர் பாடசாலை இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மேய்க்கிறவளுக்கு இந்த வயதில் மனக்கஷ்டத்துக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணை டிப்ளோமா எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. படிக்க ஆசை, படிக்கிறேன்.

அதன் பிறகுதான் உண்மையான விரிவுரையாளர் வந்தார். மிஸ் நிரோஷினி. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட புதுச் சேலை. பாதிப் பேர் எழுந்தார்கள். பாதிப் பேர் எழும்புவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். கடைசி வரிசை யோசிக்கவே இல்லை.

நான் நிமிர்ந்து நின்று, திரும்பிக் கடைசி வரிசையை ஒரு பார்வை பார்த்தேன். நான்கு வயதுக்காரர்களிடம் பலிக்கிற பார்வை இருபது வயதுக்காரர்களிடமும் பலிக்கிறது. எழுந்துவிட்டார்கள்.

மிஸ்ஸுக்கு இது முதல் வகுப்பு. பேராதனை வீதியில் இருக்கும் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. விருப்பப் பாடத்தின் முதல் வகுப்பு வெறும் உப்புப் பார்க்கிற வேலை. பிடிக்காதவர்கள் இடைவேளையோடு பக்கத்து அறைக்குப் போய்விடலாம். அங்கே கணினிப் பாடம். ஆள் குறைந்தால் இந்தப் பாடமும் இல்லை, மிஸ்ஸும் இல்லை.

கடைசி வரிசை ஹபீல் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

‘கட்டிளமைப் பருவமும் வளர்ந்தோர் பருவமும்’ என்று மிஸ் பலகையில் எழுதினார். எழுத்து கோணவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வரைவிலக்கணம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே ஒரு கதைக்குப் போனார்.

அவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளையாம். பெரிய பிள்ளையானதும் அவளுடைய அம்மா மண்டபம் எடுத்துச் சடங்கு வைத்தாராம். அதோடு விட்டாரா? நகையும் பட்டும் போட்ட மகளின் படத்தைப் பெரிய பேனராக அடித்து வீதிச் சந்தியில் கட்டினாராம். பள்ளிக்கூட வேன் தினமும் அந்தச் சந்தியில்தான் நிற்கும். வேனில் இருந்த பையன்கள் அந்தப் படத்தையும் பார்ப்பார்கள், அவளையும் பார்ப்பார்கள். அந்தத் தவணை முழுவதும் அவள் அம்மாவோடு பேசவில்லையாம். ஏன் என்றும் சொல்லவில்லையாம்.

பெண்பிள்ளைகள் பலர் தலையாட்டினார்கள். “ஐயோ, எனக்கும் கட்டினாங்க மிஸ்” என்று ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். வகுப்பே அந்த அம்மாவைத் தூற்றத் தயாராகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

“அந்தம்மா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல வளந்தவங்களா இருப்பாங்க மிஸ். அவங்களுக்கு யாரும் ஒன்னும் செஞ்சிருக்க மாட்டாங்க. மகளுக்காவது ஊரறியச் செய்யணும்னு நெனச்சிருப்பாங்க. அது குத்தமா?”

கேட்டு முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதல் வகுப்பிலேயே ஒரு கிழவி மடக்கிவிட்டாள் என்றால் அப்புறம் யார் அங்கே இருப்பார்கள்? ஹபீல் கதவைப் பார்த்தான். மிஸ் பேனையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“குத்தமில்ல” என்றார் மிஸ். குரல் தெளிவாக இருந்தது. “அந்தம்மாவுக்கு அப்ப முப்பத்திரெண்டு வயசு. அவங்களும் வளந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அது பிள்ளைக்கு வெளங்கல. பிள்ளைக்கு வெறும் வெக்கந்தான், வெறுப்பில்லன்னு அம்மாவுக்கும் வெளங்கல. இந்தப் பாடத்துல முதல் பாதி அந்தப் பிள்ளை. ரெண்டாவது பாதி அந்தம்மா.”

ஹபீல் பையை இறக்கிக் காலடியில் வைத்தான்.

வெறுப்பில்லை. வெறும் வெட்கம்தான். இதை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்தது. தலையைக் குனிந்து குறிப்பெடுக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

இடைவேளைக்குப் பிறகும் ஒரு கதிரை காலியாகவில்லை.

வகுப்பு முடிந்து வந்தால், பஸ் தரிப்பிடத்தில் பாதி வகுப்பு நின்றது. மிஸ் அவர்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“கோவமா அம்மா?”

“வகுப்புல எனக்குத் தாய் வேணாம், மாணவி போதும். மகள்னு யார்கிட்டயாவது வாயத் தொறந்தீங்களோ பாருங்க” என்று காலையில் இட்லி அவிக்கும்போது என்னிடம் சத்தியம் வாங்கியவள், இப்போது அத்தனை பேர் நடுவில் அம்மா என்கிறாள்.

ஹபீல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “மிஸ் ஒங்கட மகளா ஆன்ட்டி?”

சும்மா தலையை ஆட்டிவிட்டு நின்றிருக்கலாம். என்னால் முடிகிற காரியமா அது?

“என் மகதான்!” என்றேன், வீதிக்கு அந்தப் பக்கத் தேத்தண்ணிக் கடைக்கும் கேட்கும்படி. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தரிப்பிடம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மெதுவாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சிரித்துக்கொண்டு என் தோளில் கையைப் போட்டாள். பஸ் வரும்வரை எடுக்கவில்லை.