முகமில்லாத தேவதை

இடிந்த கோபுரத்தின் வழியே சரியும் காலை வெயில், சுவரில் செதுக்கியிருக்கும் தேவதையின் கழுத்துவரை வந்து நிற்கிறது. அதற்கு மேலே முகம் இல்லை, உளி கொத்திய தழும்புதான் இருக்கிறது. என் வாடகை மோட்டார் சைக்கிளில் இந்தக் காட்டுக் கோயிலைப் பார்க்க வந்திருக்கும், தலைநகர் நோம்பென்னைச் சேர்ந்த பெண் மாலிஸ், அந்தத் தழும்பை விரலால் தடவுகிறாள். “யாரு மாமா இப்படி வெட்டினது?” முப்பது வருஷத்துக்கு முன்னால் உளியைப் பிடித்தவன் நான்தான், கூட வந்தவன் ஹெங். வெட்டிய முகத்தைத் தோளில் சுமந்து விற்பதற்காகத் தாய்லாந்து எல்லைக்குப் போகும்போது அவன் கண்ணிவெடியை மிதித்துச் செத்தான். அவன் மனைவி ரொம்துவோல்தான் இப்போது வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். துடைப்பச் சத்தம் நிற்கிறது. “சண்டைக் காலத்துல யாரோ வந்து வெட்டிட்டுப் போனாங்கம்மா,” என்கிறாள், என்னைப் பார்க்காமலே. “இவரு சின்ன வயசுலேர்ந்து கும்பிடற சாமி. அதை இவருகிட்ட கேட்காதே, மனசு கஷ்டப்படும்.” மாலிஸ் முகம் வாடிப்போய் என் முன்னால் கைகூப்புகிறாள். “மன்னிச்சுக்குங்க மாமா, தெரியாம கேட்டுட்டேன்.” ரொம்துவோல் குனிந்தபடியே நிற்கிறாள். “பரவாயில்லம்மா,” என்று சொல்லி, அந்த வணக்கத்தையும் வாங்கிக்கொள்கிறேன்.