வயிற்றில் ஒரு விரிசல்

கடற்கரைப் பட்டறை ஒன்றில் தண்ணீர் ஸ்கூட்டர் ஒன்று மல்லாந்து கிடந்தது. பாறையில் மோதியதில் அதன் ஃபைபர் வயிற்றில் விரல் நீளத்துக்கு விரிசல் விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலில் பந்தயம். அதில் ஓடாவிட்டால் மானம் போய்விடும் என்று அது தவித்தது.

சொரசொரப்பான உப்புத்தாள் வந்து தடவிப் பார்த்தது. "இதை இன்னும் அகலமாத் தேய்க்கணும். உள்ளே ஈரம் இருக்கு, பத்து நாள் இப்படியே கிடந்து காயணும். அப்புறம்தான் பூச்சு."

"நீ ஓட்டையை அடைக்க வந்தியா, பெருசாக்க வந்தியா?" என்று சீறியது ஸ்கூட்டர். "பத்து நாள் வயித்தைக் காட்டிக்கிட்டுக் கிடந்தா போற வர்ற நண்டெல்லாம் சிரிக்கும்."

பூச்சு டப்பா மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தது. "அந்தச் சொறி பிடிச்சவன் பேச்சை விடுங்கண்ணே. நான் ஒரு தடவை பூசினா, விரிசல் இருந்த இடம் உங்களுக்கே தெரியாது."

'அண்ணே'யிலேயே ஸ்கூட்டர் குளிர்ந்துபோய்ப் பூசிக்கொண்டது.

பந்தயத்தன்று வெயிலில் வரிசை கட்டி நின்றபோதே, உள்ளே அடைபட்ட ஈரம் சூடேறி, வயிற்றில் பூச்சு பணியாரம் பணியாரமாய் உப்பியது. முதல் பெரிய அலையில் பூச்சு பிளந்து தண்ணீர் ஏறியது. மீன்பிடி வள்ளம் ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் போட்டது.

உப்புத்தாள் மறுபடியும் விரிசல் பக்கம் வந்து உட்கார்ந்தது.

ஸ்கூட்டர் அதைத் தாண்டி எட்டிப் பார்த்து, டப்பாவிடம் மெதுவாய்க் கேட்டது: "ஏன் தம்பி, போன தடவை கொஞ்சம் மெல்லிசாப் பூசிட்டியோ?"