தீர்ப்புக்கு மறுநாள்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மூடுபனி விலகிய வெயிலில், வாசலில் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுகிறாள் கமலவேணி. அவளுடைய தம்பி மகள் நிலக்ஷி, ஏழு வயதுக்காரி, படியில் உட்கார்ந்து தேங்காய்ச் சம்பல் தொட்டுத் தின்கிறாள். நன்றாயிருந்த இந்தப் பிள்ளைக்கு வேண்டாத மருந்தைக் கொடுத்துக் கொடுத்து நோயாளியாக்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கி அலைந்த தாய்க்கு நேற்றுத்தான் சிறைத்தண்டனை கிடைத்தது. அதைக் கேட்டு லயமே வாசலில் கூடி நிற்கிறது. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றி அந்தத் தாயைச் சபிக்கிறாள். "பெத்தவ அப்பிடிச் செய்வாளா? கோர்ட்டுல தப்பா சொல்லிட்டாங்க" என்று பக்கத்து வீட்டு மருதாயி மூக்கைச் சிந்துகிறாள். கமலவேணியின் கை நிற்கவில்லை. "அங்க ரெண்டு வருசமா இவளுக்கு வாந்தி நிக்கல. எங்கிட்ட வந்து எட்டு மாசமாச்சு, ஒரு நாளாவது எடுத்திருக்காளா? நீங்களே சொல்லுங்கக்கா." கல்லில் மாவு வேகும் வாசனை எழுகிறது. மருதாயி குனிந்து, பழக்கதோஷத்தில் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். நிலக்ஷி அந்தக் கையை மெதுவாக எடுத்து விடுகிறாள். "எனக்குக் காச்சல் இல்ல, பெரியம்மா. பசிக்குது." கமலவேணி சுடச்சுட இன்னொரு ரொட்டியை அவள் தட்டில் வைக்கிறாள்.