அறுநூற்றைம்பது ரூபாய் இழைப்புளி

“இதெல்லாம் ஒரு யாவாரமா பாய்?”

சங்கிலிமுத்து மரம் சீவும் இழைப்புளியைக் கல்லா மேசையில் வைத்த வேகத்தில் பில் புத்தகம் ஒரு குதி குதித்தது.

ஹார்டுவேர் கடை முகைதீன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “என்ன அண்ணாச்சி, சீவலையா?”

“எங்கன சீவுது? பலகையப் போட்டு நறநறன்னு பிறாண்டுது. நான் ரெண்டாயிரத்து நானூறு ரூவா இழைப்புளியத்தான் கையில எடுத்தேன். நீங்கதான் அத வாங்கி உள்ள வச்சுட்டு, ‘ஒரு பலகையச் சமப்படுத்த அறுநூத்தம்பது ரூவாச் சாமான் போதும்’னீக. விக்காத சரக்க என் தலையில கட்டிட்டீக.”

சங்கிலிமுத்து, எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு ஒரு மாசம் லீவு. மனுசன் சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் கிடந்த வேப்பம்பலகையைப் பார்த்தார், செல்போனில் நாலு வீடியோ பார்த்தார், பத்தாவது படிக்கிற மகள் ஓவியாவுக்குத் தன் கையாலேயே மேசை செய்யப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அது ஆச்சு பத்து நாள். பலகை வளைந்தது வளைந்தபடி கிடக்கிறது. மகள் இன்னும் தரையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். தெருவில் போகிறவர்கள் “மேசை ஆச்சா அண்ணாச்சி?” என்று கேட்பதை மட்டும் விடவில்லை.

கடையில் இரண்டு ஆசாரிகள் நின்றார்கள். ஒருவர் கையில் அதே ரக இழைப்புளி. வாங்கலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

“தகடு சரியா உக்காந்திருக்கான்னு பாத்தீகளா?” என்று அவர் கேட்டார்.

“என்கிட்டயா கேக்கீக? வாங்கின அன்னிக்கே அக்குவேறா ஆணிவேறா கழட்டி, தொடச்சு, திரும்ப மாட்டிட்டுத்தான் பலகையிலயே வச்சேன். பட்டாசுக் கம்பெனிக்காரன் எந்தச் சாமானையும் தொடைக்காமத் தொடமாட்டான். தூசியில எம்புட்டு ஆபத்து இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

தூசியைப் பற்றித் தெரியும், சரி. ஆனால் அந்தக் கம்பெனிக்குள் ஓர் இரும்பு ஆணி நுழையக் கூடாது. பொறி பறந்தால் அவ்வளவுதான். இருபது வருசமாக இரும்பைக் கண்டாலே வெளியே விரட்டிய மனுசன், இரும்புச் சாமானைப் பற்றி ஆசாரிகளுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முகைதீன் இழைப்புளியைத் தூக்கித் தகட்டைப் பார்த்தார். ஆசாரிகளைப் பார்த்தார். கடைசியாக சங்கிலிமுத்துவைப் பார்த்தார்.

“பீஸ் சரியில்ல போல அண்ணாச்சி. கம்பெனிக்காரன் அனுப்புன லோடுலயே கோளாறு. இருங்க, மாத்தித் தாரேன்.”

உள்ளே போனவர், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைத் துணியால் துடைத்தபடி வந்தார். “வேற பீஸ். நானே செட் பண்ணிட்டேன். கழட்டாம அப்படியே ஓட்டுங்க. தகடு மளுங்குனா இங்கன கொண்டாங்க.”

ஆசாரி தன் கையில் இருந்ததைத் திரும்ப அலமாரியில் வைத்தார். “லோடே கோளாறுன்னா எனக்கு வேணாம் பாய். வேற கடையில பாத்துக்கிடுதேன்.”

சங்கிலிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தன்னால் இன்னொருத்தர் காசும் தப்பித்ததே.

“இனிமேலாவது ஆள் பாத்து யாவாரம் பண்ணுங்க பாய்.”

“சரி அண்ணாச்சி” என்றார் முகைதீன்.

சங்கிலிமுத்து வீட்டுக்கு வந்து பலகையில் வைத்துத் தள்ளினார். சீவல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. பொழுது சாய்வதற்குள் பலகையின் வளைவு முக்கால்வாசி போய்விட்டது.

“இப்ப நல்லா ஓடுதே” என்றாள் மனைவி பாண்டிமீனா.

“ஓடாம? மாத்தித் தாரீகளா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகவான்னேன். பாய் ஆடிப்போயிட்டாரு.”

பக்கத்து வீட்டில் சொன்ன கதையில் முகைதீனுக்கு வேர்த்துக் கொட்டியது. எதிர்வீட்டுக்குப் போவதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

“புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமயா வேலைய ஆரம்பிச்சீக?” என்று பாண்டிமீனா குங்குமச் சிமிழோடு வந்தாள். இழைப்புளியைத் தூக்கித் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

“ஏங்க, இதுல ஏற்கெனவே பொட்டு இருக்கு.”

“அதெப்படி இருக்கும்?”

“போன வெள்ளிக்கிழம அந்தப் பழசுக்கு நான் வச்சது. இந்தா, கைப்பிடிக்கு அடியில, மஞ்சளும் குங்குமமும். பாய் கடையில பொட்டு வச்சா விக்காக?”

சங்கிலிமுத்து வாங்கிப் பார்த்தார். பொட்டு இருந்தது. தகட்டைப் பார்த்தார். அவர் துடைத்து மாட்டியபோது மேலே பார்த்திருந்த சரிவுப் பக்கம், இப்போது கீழே பார்த்து உட்கார்ந்திருந்தது. அவர் தலைகீழாக மாட்டிய தகட்டைத் திருப்பிப் போட்டதைத் தவிர பாய் வேறு எதையும் மாற்றவில்லை.

பாண்டிமீனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கோர்ட்டுக்கு எப்ப போறீக?”

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

“பாய்கிட்ட மன்னிப்புக் கேக்கவா?”

“அவருகிட்ட அப்புறமாப் போறேன். மொதல்ல அந்த ஆசாரியத் தேடிப் பிடிக்கணும்.”

“அவரு எதுக்கு?”

“நாலு பேரு முன்னாடி என் மானத்தக் காப்பாத்த, பாய் தன் சரக்கையே மட்டம்னு சொல்லிட்டாரு புள்ள. அது நல்ல சரக்குன்னு நான்தான போய்ச் சொல்லணும்.”