ஒற்றைச் சாவி

"கோசலா அம்மா அழுதுக்கிட்டே குடுத்துட்டுப் போன வண்டி அக்கா இது. ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை எடுக்க மாட்டேன்னுட்டாங்க."

சொல்லிவிட்டு அழகுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனைக்கும் கோசலா அம்மாவை அவன் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது. முல்கியா என்கிற வண்டிப் பதிவு அட்டையில் அந்தப் பெயர் இருந்தது, அவ்வளவுதான். பக்கத்துக் கராஜ்காரன் லைசென்ஸ் ரத்தாகி, ஷட்டரை இழுத்துவிட்டு ராவோடு ராவாக ஊருக்கு ஓடிப்போனான். ஏசி ரிப்பேருக்குச் சாவியோடு வந்து வாசலில் கேட்பாரில்லாமல் நின்ற வெள்ளைக் காரை அழகுமலை தன் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, துடைத்து, 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டையும் மாட்டிவிட்டான். புண்ணியவான்!

ஷார்ஜா தொழிற்பேட்டையில் அவன் வைத்திருப்பது, பெயர்ப்பலகையை நம்பினால், கார் கழுவும் கடை. உள்ளே நடப்பது பழைய கார் வியாபாரம். இத்தனை நாள் ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. கார் விற்கத் தனி லைசென்ஸ் வேண்டுமாம். விற்கிற கார் முதலில் கடை பேருக்கு மாறியிருக்க வேண்டுமாம். விலைக்கு நிற்கும் ஒரு வண்டி பிடிபட்டாலும் அன்றைக்கே உன் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் கறாராகச் சொல்லிவிட்டார். மற்ற வண்டிகளையெல்லாம் எப்படியோ தள்ளிவிட்டான். இது ஒன்றுதான் மிச்சம். இன்றைக்கு இதைத் தலைமுழுகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வசீகரன் என்று ஒருவர் காலையில் போன் செய்து, அக்கா வந்து பார்ப்பா என்று சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அந்த அக்காதான் இப்போது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அழகுமலையிடம் ஒரு வாரமாகச் சண்டித்தனம் பண்ணிய பின்கதவை, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி ஒரே இழுப்பில் திறந்துவிட்டார். விவரமான ஆள், பேரம் பேசியே உயிரை எடுக்கப்போகிறார் என்று அவனுக்குக் கவலையாகிவிட்டது.

முல்கியாவை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"அந்த கோசலா ஏன் வித்தவ?"

"மக கூட இருக்கலாம்னு கனடா போயிட்டாங்கக்கா. என்னைய தம்பி தம்பின்னு கூப்பிடுவாங்க. பேர் மாத்துறதெல்லாம் என் பொறுப்பு. நடுவுல கடை பேரே வராது. கோசலா அம்மா முதல் ஓனர், நீங்க ரெண்டாவது ஓனர்."

சட்டத்தை ஏமாற்றுவதையே வண்டியின் ஒரு வசதியாகச் சொல்லி விற்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

"ஒரு திறப்புத்தான் தாறியள். மற்றத் திறப்பு எங்க?"

சாவியைத்தான் கேட்கிறார் என்று புரிய அவனுக்கு ஒரு கணம் பிடித்தது. பதில் சொல்ல அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

"அதை ஞாபகத்துக்கு வேணும்னு கோசலா அம்மாவே கொண்டுபோயிட்டாங்கக்கா."

அக்கா முதல்முறையாகச் சிரித்தார். "அப்பிடியோ" என்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் லைசென்ஸ் ஆபீஸ் ஆட்கள். ஒருவர் எதிர்க்கடைக்குள் போக, இன்னொருவர் நேராக இங்கே வந்தார். அழகுமலை விற்பனை அட்டையைப் பிய்த்து வாளிக்குள் அமுக்கினான். இன்னொரு வாளித் தண்ணீரைக் கார் மேல் கொட்டினான்.

"அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன். அந்த ஆள் போற வரைக்கும் நீங்கதான் கோசலான்னு சொல்லிடுங்க. இல்லேன்னா இன்னைக்கே என்னைய ஊருக்கு ஏத்திருவாங்க."

"பொய் சொல்லச் சொல்லுறியளோ, தம்பி?"

"ஒரே ஒரு பொய்தான்க்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரி, உங்களுக்காகச் சொல்லுறன்" என்றார்.

வண்டி யாருடையது என்று அதிகாரி கேட்டார். மேடம் வண்டி, கழுவ வந்திருக்கிறது என்று அழகுமலை தனக்குத் தெரிந்த இந்தியில் சத்தியம் செய்தான். அக்காவும், ஆமாம், நான்தான் கோசலா என்று கூசாமல் சொன்னார். அதிகாரி முல்கியாவைக் கேட்டார். அக்கா கொடுத்தார். உங்கள் அடையாள அட்டை என்று அதிகாரி மறுபடி கை நீட்டினார்.

அழகுமலைக்குப் பாதி உயிர் போய்விட்டது. இதை அவன் யோசிக்கவே இல்லை. அக்காவோ கைப்பையைத் திறந்து சாவகாசமாக அட்டையை எடுத்து நீட்டினார்.

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். "கலாஸ்", முடிந்தது என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். கழுவி முடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா கிளம்புவதைப் பார்க்க அங்கேயே நின்றார்.

இப்படிப் பார்வை மங்கிய ஆளை அனுப்பிவைத்த குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக அழகுமலை மனசுக்குள் நேர்ந்துகொண்டான். அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் ஜன்னல் வழியே சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு போயிட்டு, அந்த ஆள் போனதும் வந்துருங்கக்கா" என்று குசுகுசுத்தான்.

"அதை நீங்க ஞாபகத்துக்கு வச்சிருங்கோ, தம்பி" என்றார் கோசலா. "மற்றத் திறப்புத்தான் என்னட்ட இருக்கே."